சென்னையில் புதுக் குடித்தனம்: கட்டில் முதல் திரைச்சீலை வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகச் சென்னைக்கு வந்து வாடகை வீடு பிடித்தவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிறவர்கள், அட்வான்ஸ் கொடுத்ததிலேயே கையிருப்பு கரைந்தவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. என் பதில்களுக்கு அடிப்படை ஒன்றுதான். ஷோரூமில் முடித்து வைத்திருக்கும் பொருளை வாங்கும்போது மரம், துணி, கூலி, கடை வாடகை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். மரத்தை ஓரிடத்திலும் துணியை இன்னோரிடத்திலும் வாங்கி, வேலையைத் தெருவில் இருக்கும் தச்சரிடமோ டெய்லரிடமோ கொடுத்தால் அதே பணத்துக்கு நல்ல பொருள் கிடைக்கும். சென்னை இதற்குத் தோதான ஊர்.

வீடு காலியாகக் கிடக்கிறது. முதலில் எதை வாங்குவது?

படுக்க, உட்கார, வெயிலை மறைக்க. அதாவது ஒரு மெத்தை, முதுகு சாய்கிற மாதிரி ஒன்றிரண்டு நாற்காலி, ஜன்னலுக்குத் திரைச்சீலை. மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கட்டும். அந்த ஒரு மாதத்தில் எந்த மூலையில் வெளிச்சம் விழுகிறது, எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, எங்கே உட்கார்ந்து சாப்பிடப் பழகுகிறீர்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். குடிவந்த முதல் வாரத்திலேயே ஹாலை நிரப்ப ஓடுகிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

உடம்பு நேராகத் தாங்கி நிற்கும் பொருளில் சிக்கனம் பார்க்காதீர்கள். மெத்தை, தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்காலி இரண்டும் அதில் சேரும். டீப்பாய், டிவி ஸ்டாண்ட், ஷூ ரேக், புத்தக அலமாரி போன்றவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம்.

பல்லாவரம் சந்தையில் நல்ல பொருள் கிடைக்குமா?

கிடைக்கும். மாட்டுச் சந்தையாக ஆரம்பித்து இன்று எல்லாம் விற்கும் சந்தையாக வளர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும்தான். பல்லாவரம் ரயில் நிலையத்தில் இறங்கிப் பழைய டிரங்க் ரோடு எங்கே என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். பழைய கட்டில், மர நாற்காலி, ஆபீஸ் மேசை, கண்ணாடி, ஃபேன், பூந்தொட்டி, செடி, பித்தளைச் சாமான், கதவு, ஜன்னல் சட்டம் என்று சாலையோரம் நெடுகப் பரப்பியிருப்பார்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் நிதானமாகப் பார்க்க முடியாது, நல்ல மரச்சாமானைப் பழைய சாமான் வியாபாரிகளே முதலில் தூக்கிவிடுவார்கள். மாலையில் போனால் தேர்வு குறைவாக இருக்கும். ஆனால் விற்காததைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக மனமில்லாமல் விலையை இறக்குவார்கள். என்னைக் கேட்டால் கட்டில், மேசைக்குக் காலை, செடிக்கும் தொட்டிக்கும் மாலை.

அங்கே வாங்கக் கூடாதவையும் உண்டு. மெத்தை, தலையணை, துணி போர்த்திய சோபா மூன்றும் வேண்டாம், மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் வீட்டையே கலைத்துப் போட வேண்டியிருக்கும். மின்சாமானை அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாது என்றால் நகர்ந்துவிடுங்கள்.

பழைய மரச்சாமான் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

கவிழ்த்துப் பாருங்கள். மேலே பாலிஷ் போட்டு எதையும் மறைக்கலாம், அடியில் யாரும் பாலிஷ் போடுவதில்லை. மேசையைத் தலைகீழாக நிறுத்தினால் மரத்தின் உண்மையான நிறம், ரேகை, ஒட்டுப் போட்ட இடம் எல்லாம் தெரியும். குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்து, தட்டும்போது மாவு மாதிரி தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. துளை மட்டும் இருந்து தூள் கொட்டவில்லை என்றால் பழைய சேதமாக இருக்கலாம். அப்போதும் கட்டை விரல் நகத்தால் துளைப் பக்கம் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் விட்டுவிடுங்கள்.

அடுத்து மூட்டுகள். கால் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் இடத்தில் ஆணியும் எல் வடிவத் தகடும் மட்டும் இருக்கிறதா, அல்லது ஒரு சட்டத்தில் துளை எடுத்து இன்னொன்றின் முனையைச் செதுக்கிச் செருகியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். செருகிச் செய்த சாமான் ஆடினாலும் தச்சர் கழற்றி, பசை வைத்து, ஆப்பு அடித்து நிறுத்திவிடுவார். ஆணி அடித்தது ஆட ஆரம்பித்தால் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

தேக்கு என்று சொல்வதெல்லாம் தேக்கு இல்லை. வேறு மரத்துக்குத் தேக்கு நிறம் ஏற்றுவது சாதாரணம். அதற்காக மற்ற மரங்களைத் தள்ளிவிட வேண்டாம். வேம்பு, பலா, வேங்கை எல்லாம் நன்றாக உழைக்கிற மரங்கள்தான். தேக்கு விலை கொடுக்காமல் வாங்கினால் சரி.

வாங்கி வந்ததை நேரே படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து, மூட்டு, இடுக்கு, திருகாணித் துளை எல்லாவற்றிலும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, நன்றாக வெயிலில் காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் கொடுத்த பிறகு உள்ளே எடுங்கள். பழைய தேக்குக் கட்டிலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது கறுப்பு அழுக்குக்குக் கீழே தேன் நிறத்தில் ரேகை தெரிய ஆரம்பிக்கும். வாங்கும்போது பார்த்த கட்டிலா இது என்று தோன்றும்.

ஒன்றை மறக்காதீர்கள்: பழைய கட்டில்கள் இன்றைய அளவில் இருக்காது. ரெடிமேட் மெத்தைகள் பெரும்பாலும் 72, 75, 78 அங்குல நீளத்தில் வருகின்றன. கட்டிலின் உள்சட்டத்தை அளந்து எழுதிக்கொண்ட பிறகு மெத்தையைத் தேடுங்கள்.

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் மாதிரி இடங்களில் வாங்கலாமா?

தாராளமாக. ஓஎம்ஆர், வேளச்சேரி, போரூர் பக்கம் ஐடி வேலையில் இருப்பவர்கள் ஊர் மாறும்போது ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அவர்களுக்கு விலையைவிடப் பொருள் வெளியே போவதுதான் முக்கியம். "வீடு காலி செய்கிறோம்" என்று போட்டிருப்பவரிடம் ஒரு பொருளாகக் கேட்காமல் கட்டில், மேசை, நாற்காலி, கொடிக்கம்பி வரை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பேச்சு சுலபமாக முடியும்.

நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் போட்டால் பொருளை லாரியில் அனுப்புகிறேன் என்பது பழைய மோசடி. நீங்கள் விற்கும் பக்கம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பணம் வாங்குவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

திரைச்சீலைக்கு இவ்வளவு செலவாகுமா?

ரெடிமேடாக வாங்கினால் ஆகும். நான் எல்லாருக்கும் சொல்வது எழும்பூர் காட்டன் ஸ்ட்ரீட். பாந்தியன் சாலையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், மேலே கூரை வரைக்கும் துணிக் கட்டுகள். ஏற்றுமதியில் மிஞ்சிய துணி, மில்லில் கழிந்த துணி, திரைச்சீலைத் துணி, சோபா துணி எல்லாம் மீட்டர் கணக்கில் கிடைக்கும். துணியைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நெசவில் இழை விட்டிருந்தாலும் சாயம் திட்டுத் திட்டாக இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

கணக்குத் தெரியாமல் போவதால்தான் அதிகமாகவோ குறைவாகவோ வாங்கி வருகிறார்கள். 4 அடி அகலம், 5 அடி உயரம் உள்ள ஜன்னல் என்று வையுங்கள். சீலை மடிப்பு மடிப்பாக அழகாக விழ வேண்டுமானால் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு அகலத் துணி வேண்டும். 48 அங்குல அகலத் துணியானால் இரண்டு பாகம் சரியாக இருக்கும். ஒவ்வொரு பாகமும் மேலே கம்பிக்கு, கீழே மடித்துத் தைக்க, ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம் தொங்க என்று சேர்த்து 6 அடி. இரண்டுக்கும் 12 அடி, அதாவது மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். 4 மீட்டராக வாங்கிவிடுங்கள். பருத்தித் துணி சுருங்கும், அதனால் தைக்கக் கொடுப்பதற்கு முன்பே ஒருமுறை நனைத்துக் காயப்போட வேண்டும்.

தைக்க உங்கள் தெரு டெய்லர் போதும். நேர்த் தையல்தான். மேற்கு பார்த்த ஜன்னலானால் உள்பக்கம் வெள்ளை லைனிங் வைக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அறைக்குள் வித்தியாசம் தெரியும், மேல் துணியின் சாயமும் சீக்கிரம் வெளுக்காது.

சோபா இல்லாமல் ஹால் வெறிச்சென்று இருக்கிறதே?

சோபா அவசியமா என்று முதலில் யோசியுங்கள். 10க்கு 12 அடி ஹாலில் ஒரு எல் சோபா வந்துவிட்டால் குழந்தை விளையாட இடமிருக்காது. சட்டம் கட்டிய ஒரு திவான், மேலே மெத்தையும் இரண்டு திண்டும் போட்டால் பகலில் உட்காரலாம், ஊரிலிருந்து யாராவது வந்தால் ராத்திரி படுக்கலாம். ஒரு படுக்கையறை வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

சோபாதான் வேண்டும் என்றால், மரச் சட்டம் உறுதியாக இருக்கும் பழையதை எடுத்து, துணியையும் ஃபோமையும் முழுக்க உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். ரெக்சின், ஃபோம், தோல் எல்லாம் பெரியமேட்டில் கிடைக்கும். துணியானால் காட்டன் ஸ்ட்ரீட். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள், முதுகுக்கு அதைவிடக் குறைந்தது போதும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கும் மட்ட ரக ஃபோம் சில மாதங்களிலேயே குழி விழுந்துவிடும். சோபா கட்டுகிறவரிடம் பொருளை நீங்களே வாங்கித் தந்து, கூலி மட்டும் பேசுங்கள். பழைய துணியைப் பிரிக்கும்போது கூடவே இருந்து சட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிடுவதும் நல்லது.

ஆன்லைனில் வரும் அலமாரிகள் பார்க்க அழகாக, விலையும் குறைவாக இருக்கின்றனவே?

'இன்ஜினியர்டு வுட்' என்று போட்டிருந்தால் உள்ளே என்ன என்று தேடிப் படியுங்கள். பெரும்பாலும் மரத்தூளையும் சிராயையும் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டுதான். வறண்ட அறையில், கனம் ஏற்றாமல், இடம் மாற்றாமல் வைத்திருந்தால் சில வருடம் ஓடும். தண்ணீர் பட்டால் உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அந்த மாதிரிப் பகுதியில் தரைத்தளத்தில் இருப்பவர் பார்ட்டிகிள் போர்டு வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இரும்பு ரேக், பிளாஸ்டிக், கெட்டி மரம் இந்த மூன்றில் ஒன்றுக்குப் போங்கள்.

பிளைவுட்டில் செய்ய நினைத்தால் வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் விசாரித்துவிட்டுப் பிறகு தச்சரிடம் பேசுங்கள். பலகையில் அடித்திருக்கும் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ் 303 என்பது சாதாரண உபயோகத்துக்கு, ஐஎஸ் 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே 710, துணி அலமாரிக்கு 303 போதும். எல்லாவற்றுக்கும் 710 போட்டால்தான் ஆச்சு என்று சொல்பவர் உங்கள் செலவை ஏற்றுகிறார்.

பீரோ?

பக்கத்துப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள். தகட்டின் கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிசு, ஆகவே 22 கேஜைவிட 20 கேஜ் கனமானது. கதவின் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய் வரக் கூடாது. பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை போய்ப் பற்றவைத்த இடங்களைப் பார்த்துவிடுங்கள். வீட்டில் வைக்கும்போது காலுக்கடியில் கட்டை கொடுத்தால் மழைக்காலத்தில் அடி துருப்பிடிக்காது.

மெத்தையில் எது நல்லது?

இலவம் பஞ்சு மெத்தையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தேனி மாவட்டத்துப் போடி இதற்குப் பேர்போன ஊர். உடம்புச் சூடு ஏறாது, சென்னைக்கு ஏற்றது. எத்தனை கிலோ பஞ்சு என்று பேசி, கண்ணெதிரே அடைக்கச் சொல்லுங்கள், கழிவுப் பஞ்சு கலப்பது உண்டு. அளவு மாறிய பழைய கட்டிலுக்கு இதுதான் சுலபம். அடிக்கடி வெயிலில் போட வேண்டும். மொட்டை மாடிக்குத் தூக்கிப் போக ஆளில்லாதவர்களுக்கும், டாக்டர் கெட்டியான மெத்தை சொல்லியிருப்பவர்களுக்கும் தென்னை நார் மெத்தையோ கெட்டி ஃபோம் மெத்தையோ சரிப்படும். மெத்தை மட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

பாரிமுனையில் என்ன கிடைக்கும்? உள்ளே போனால் வழியே புரிவதில்லை.

தெருவைத் தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் இல்லை. படுக்கை விரிப்பு, துண்டு, துணி மொத்தமாக வேண்டுமென்றால் கோடவுன் தெரு. கண்ணாடி, படச் சட்டம் என்றால் தேவராஜ முதலி தெரு. அலங்காரப் பொருள், ஃபேன்சி சாமான் நாராயண முதலி தெருவில். எல்இடி பட்டை விளக்கு, ஒயர் சமாசாரத்துக்கு மட்டும் அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெரு. மொத்தக் கடை சிலவற்றில் ஒன்றிரண்டு கொடுக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து போனால் அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலான கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். எப்படி அலங்கரிப்பது?

ஒட்டும் கொக்கிகளைச் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்த சுவரில் நம்பாதீர்கள், பெயின்டோடு உரிந்து வரும். டைல்ஸிலும் கண்ணாடியிலும் நிற்கும். பெரிய படத்தையோ கண்ணாடியையோ அலமாரி மேல் வைத்துச் சுவரில் சாய்த்துவிடலாம். ஏற்கெனவே இருக்கும் ஜன்னல் கம்பியில் மணிபிளான்ட் ஏற்றலாம். குழல் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு விளக்கு வைத்துப் பாருங்கள். அறை மாறிவிடும், செலவு ஒரு பல்பு.

கோ-ஆப்டெக்ஸ், பூம்புகாரெல்லாம் விலை அதிகமில்லையா?

பட்டுப் பக்கம் போனால் அதிகம். கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அமைப்பு, தலைமையகம் காட்டன் ஸ்ட்ரீட் இருக்கும் அதே பாந்தியன் சாலையில்தான். சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமக்காளமும் அங்கே பாருங்கள். தீபாவளி சமயத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி தருவார்கள். கெட்டி நூலில் பட்டை பட்டையாக நெய்த பவானி ஜமக்காளம் தரையில் விரித்தால் கார்ப்பெட்டுக்குப் பதில் ஆகிவிடும். துவைக்கலாம், மடித்து வைக்கலாம், தூசி அடையாது. நம் ஊர் ஈரத்துக்குக் கார்ப்பெட் ஒத்துவராது என்பது என் உறுதியான எண்ணம். தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகாரில் வெண்கலச் சிலையை விட்டுவிட்டுச் சின்னப் பொருள்களைப் பாருங்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை ஒன்று அலமாரியில் இருந்தால் வருகிற குழந்தைகள் நேரே அதனிடம்தான் போகும்.

கோரைப் பாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தமடைப் பட்டுப் பாய் விலை கூடியது, சாதாரணக் கோரைப் பாய் எல்லாருக்கும் கட்டுப்படியாகும்.

வாடகைக்குத் தரும் கம்பெனிகளிடம் எடுக்கலாமா?

ஒரு வருடத்துக்குள் ஊர் மாறுவது உறுதி என்றால் எடுக்கலாம். அதற்கு மேல் இருப்பவர், மாத வாடகையை மொத்த மாதத்தால் பெருக்கி, அதே பொருளைப் பழையதாக வாங்கித் திரும்ப விற்றால் எவ்வளவு நஷ்டம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வாங்குவதுதான் லாபம்.

எந்தச் சமயத்தில் வாங்கினால் மலிவு?

புதுப் பொருளுக்கு ஆடித் தள்ளுபடி. பழைய பொருளுக்கு ஏப்ரல், மே. பள்ளி திறப்பதற்கு முன் வீடு மாறுகிறவர்கள் அப்போதுதான் அதிகம். பொங்கலுக்கு முந்தைய வாரம் இன்னொரு நல்ல சமயம். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது நல்ல மர ஸ்டூலும் நாற்காலியும் வெளியே வரும். அடுக்குமாடி வாட்சப் குழுவில் முன்கூட்டியே கேட்டு வைத்தால் சும்மாவே கொடுப்பார்கள், எரிப்பதற்குப் போகிற மரமும் பிழைக்கும்.

பேரம் பேசக் கூச்சமாக இருக்கிறது.

"கடைசியா என்ன விலைண்ணே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அமைதியாக நின்றால் போதும். தச்சர், டெய்லர், பாய் முடைகிறவர் ஆகியோரிடம் கூலியைக் கிள்ளாதீர்கள். பொருளின் விலையில் பேசுங்கள், வேலையின் விலையில் வேண்டாம். கூலியைக் குறைத்தால் அவர் நேரத்தைக் குறைப்பார், அது மூட்டிலும் தையலிலும் தெரியும்.

வாங்கியதை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

தூரம் என்றால் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ். பக்கத்தில் என்றால் மீன்பாடி வண்டி, அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டி. வாடகை பேசும்போதே ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மாடிப்படியில் நின்றுகொண்டு பேசினால் கேட்டதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே மூன்று இடங்களை அளந்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்: அறைக் கதவின் அகலம், லிஃப்டின் உள் உயரம், மாடிப்படி திரும்பும் இடம். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பல அடுக்குமாடிகளில் படுக்கையறைக் கதவு மூன்று அடிக்கு உள்ளேதான் இருக்கும், அதனால் கட்டிலானால் தலைப்பலகையும் பக்கச் சட்டமும் தனித்தனியாகக் கழலுமா என்று கேட்டு, கழற்றிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். கழற்றிய திருகாணிகளை ஒரு கவரில் போட்டு, வண்டியில் வைக்காமல் உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.